ஆண்டு முழுவதும் வீட்டுத் தோட்டம்: எந்தச் செடியைத் தேர்வது?

(கௌதள்ளியில் மாணவர்களும் ஊராட்சி அலுவலர்களும் மகளிர் குழுவினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வர மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள இந்த ஊரில் தமிழில் பேச வாய்ப்புக் கிடைத்ததற்கு மகிழ்கிறேன். கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் இணைந்தது. 1997 முதல் இப்பகுதி சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. எல்லைக் கோடுகள் மாறின. மண்ணும் மழையும் மாறவில்லை. இங்கே 'நுக்கெ' என்பதும் அங்கே 'முருங்கை' என்பதும் ஒரே மரந்தான்.

ஆண்டின் பன்னிரண்டு மாதங்களிலும் வீட்டுக்கு உணவு தரக்கூடிய தோட்டத்திற்கு எந்தச் செடிகளைத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்றைய பொருள். நான் தாவரவியல் பயின்றவன் அல்லன், பொருளாதாரம் பயின்றவன். ஆயினும் இது பொருளாதாரக் கேள்வியே. நிலம் குறைவு, நீர் குறைவு, உழைப்பு நேரமும் குறைவு. இக்குறைந்த வளங்களைக் கொண்டு நிறைந்த பயனை எவ்வாறு பெறுவது என்பதைத்தான் பொருளாதாரம் ஆராய்கிறது.

மிதமான தட்பவெப்பம் தரும் வாய்ப்பு

குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டம் என்பது ஐந்தாறு மாத வேலை. உறைபனி விழுந்ததும் செடிகள் மடிந்துவிடும். அங்குள்ள குடும்பம் கோடையில் விளைந்ததைப் பதப்படுத்தி வைத்துக் குளிர்காலத்தைக் கடத்த வேண்டும். நமக்கு அந்தத் துன்பம் இல்லை. மைசூர்ப் பீடபூமியின் இத்தென்கிழக்கு ஓரத்தில் உறைபனி என்பதே கிடையாது. மழையும் ஒரே பருவத்தில் கொட்டிவிட்டுப் போவதில்லை. மே மாதத்தில் ஒருமுறையும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மறுமுறையும் உச்சத்தை அடைகிறது.

அப்படியானால் நம் கொல்லைகள் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்க வேண்டுமல்லவா? இல்லையே! நவம்பர் மாதத்தில் கூரையெங்கும் கொடி படர்ந்திருக்கும் வீட்டில் மார்ச் மாதத்தில் ஒரு பிடி கீரை கிடைப்பதில்லை. குளிர் நாட்டில் குளிர்காலம் எதுவோ, அதுவே நமக்கு மாசி முதல் சித்திரை வரையிலான காலம். அங்கே தடை குளிர். இங்கே தடை நீர். ஆகவே செடியைத் தேர்ந்தெடுக்கும்போது, 'இது எவ்வளவு காய்க்கும்?' என்பதை முதற் கேள்வியாகக் கொள்ளலாகாது. 'பங்குனியில் இது என்ன தரும்?' என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றவை அதன் விளக்கமே.

ஒரு தவறும் ஒரு பாடமும்

இதை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஒரு தவற்றிலிருந்து கற்றேன். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வறண்ட வட்டாரம் ஒன்றில், வீடுதோறும் காய்கறி விதைப் பொட்டலங்கள் வழங்கும் பணியில் எனக்கும் பங்கிருந்தது. முட்டைக்கோஸ், பீட்ரூட், காரட், முள்ளங்கி, தக்காளி, தண்டுக்கீரை என ஒரு பட்டியல் வகுத்தோம். அப்பட்டியலை எழுதியவர்களுள் நானும் ஒருவன். சத்து மிகுந்தவை எவை என்று அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தோமே தவிர, அவை எந்த மாதத்தில், எந்த நீரைக் கொண்டு விளையும் என்று பார்க்கவில்லை. நிதி ஒதுக்கீடு வந்து, விலைப்புள்ளி கோரி, கொள்முதல் முடிந்து, பொட்டலங்கள் மக்கள் கைக்குச் சேர்ந்தபோது பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டது. மார்ச் 31க்குள் இலக்கு முற்றிலும் எய்தப்பட்டதாக அறிக்கை அனுப்பினோம்.

மே மாதத்தில் அவ்வூர்களுக்குச் சென்றேன். பாத்தி கட்டிய அடையாளந்தான் இருந்தது. ஒரு வீட்டில் மட்டும் துணி துவைக்கும் கல்லருகே முருங்கைப் போத்து ஒன்று துளிர்த்து நின்றது. அது எங்கள் பட்டியலில் இல்லாத செடி. அவ்வீட்டு மூதாட்டியிடம், "அம்மா, நாங்கள் கொடுத்த விதை என்ன ஆயிற்று?" என்று கேட்டேன். "ஐயா, நீங்க குடுத்த விதை மாசியில வந்துச்சு. எங்க கெணத்துத் தண்ணி மாசியில போச்சு" என்றார்.

அன்றுமுதல் நான் எந்தத் திட்டப் பட்டியலைக் கண்டாலும் அந்த இரண்டு வாக்கியங்களும் நினைவுக்கு வருகின்றன. நம் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. உழவனின் ஆண்டோ மழையோடு தொடங்குகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோர்க்குத் தெரிந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

தேவை எவ்வளவு?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2019 முதல் 2021 வரை நடைபெற்றது. அதன்படி, நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினரும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுள் 67 விழுக்காட்டினரும் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. கீரையும் காயும் மட்டுமே அதற்கு மருந்தென்று நான் கூறவில்லை. ஆயினும் அன்றாட உணவில் இவை இல்லாமற் போவது ஒரு முக்கியக் காரணம்.

உலக சுகாதார நிறுவனம் ஒருவர் நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்கள் உண்ண வேண்டும் என்கிறது. இதில் காய்கறி 300 கிராம் என்று கொண்டால், ஐவர் அடங்கிய குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ. ஆண்டுக்கு ஏறத்தாழ 550 கிலோ. சிறிய கொல்லையில் இவ்வளவையும் விளைவிப்பது அரிது. ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஆண்டில் 5 கிலோ விளைவதாகக் கொண்டால் 200 கிலோ கிடைக்கும். அது தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இந்தப் பங்கு நவம்பரில் குவியாமல் பன்னிரண்டு மாதங்களிலும் பரவிக் கிடைத்தால் அதன் மதிப்பு பன்மடங்காகும். சந்தையில் காய் மலிந்திருக்கும் மாதத்தில் வீட்டில் விளையும் ஒரு கிலோவும், காய்கறி விலை ஏறியிருக்கும் மாதத்தில் விளையும் ஒரு கிலோவும் எடையில் ஒன்றே, மதிப்பில் ஒன்றல்ல.

நீரே அளவுகோல்

அடுத்து நீர்க் கணக்கு. 2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் ஊரகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அளவை வகுத்தது. ஐவர் உள்ள வீட்டிற்கு 275 லிட்டர். இதில் பாதியேனும் குளித்த நீராகவும் பாத்திரம் கழுவிய நீராகவும் வெளியேறுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 135 லிட்டர். கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாள்தோறும் சுமார் 5 லிட்டர் வேண்டும். எனவே கழிவுநீரைக் கொண்டு 27 சதுர மீட்டர் வரை நனைக்கலாம். வழியில் கசிவதைக் கழித்தால் 20 சதுர மீட்டர், அதாவது அரை சென்ட்.

வேனிற்காலத்தில் நம் தோட்டத்தின் அளவை நிர்ணயிப்பது பட்டா நிலம் அன்று. நாம் குளிக்கும் நீர். வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் இருந்தாலும் பங்குனியில் பாத்தி அரை சென்டுதான். மீதமுள்ள நிலத்தில் முதல் ஆண்டிற்குப் பிறகு அதிக நீர் கேட்காத மரங்களும் புதர்களுமே நிற்க வேண்டும்.

கழிவுநீரை அப்படியே கீரையின்மேல் ஊற்றலாகாது. கூழாங்கல்லும் மணலும் இட்ட சிறு குழி வழியே வடியவிட்டு, இலையில் படாமல் வேரில் பாய்ச்ச வேண்டும். பச்சையாக உண்ணும் காய்களுக்கு இந்நீர் வேண்டா. சோப்புத் தூளின் உப்பு ஓரிடத்திலேயே படியாமலிருக்க, வாய்க்காலை அவ்வப்போது திருப்பிவிடுதல் நலம். மழை பெய்யும்போது அவ்வுப்பு கழுவப்பட்டுவிடும்.

முதல் வரிசை: நிலைத்து நிற்பவை

செடிகளை நான் மூன்று வரிசையாகப் பிரிக்கிறேன். முதல் வரிசை, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நிற்பவை. தோட்டத்தின் முதுகெலும்பு இவையே. ஆனால் பெரும்பாலான விதைப் பொட்டலங்களில் இவை இடம் பெறுவதில்லை. ஏனெனில் இவற்றுள் பல போத்தாகவும் கன்றாகவும் நடப்படுபவை.

முதலிடம் முருங்கைக்கே. 2017இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. போத்து வைத்து வளர்க்கும் பழைய மரவகை பல ஆண்டுகள் நிற்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 விதை ஊன்றி வளர்க்கும் வகை. ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆண்டுதோறும் வெட்டிவிட்டு மறுதாம்பாக இரண்டு மூன்று ஆண்டுகள் பயன்பெறலாம். வீட்டிற்கு ஒன்று காய்க்கு, ஒன்று கீரைக்கு என்று இரண்டு நட்டால் போதும். கீரைக்குரியதை மார்பளவில் வெட்டிக்கொண்டே இருந்தால் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும், கைக்கும் எட்டும்.

அடுத்தது அகத்தி. இது பயறு இனத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இடத்திற்கேற்ப ஒவ்வொன்று. கொய்யா வறட்சியைத் தாங்கும். பப்பாளி ஒன்பது பத்து மாதங்களில் பழம் தரத் தொடங்கும். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. பல வகைகளில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டே கன்று வைக்கும் வீட்டில் இரண்டும் ஆணாகப் போய்விட்டால் ஓராண்டு உழைப்பு வீண். ஆகவே, பெண் பூ மரமும் இருபால் பூ மரமுமாகவே வளரும் கூர்க் ஹனி டியூ, கோ.3, கோ.7 போன்ற வகைகளையே சிறு தோட்டத்திற்குத் தேர்தல் வேண்டும். பப்பாளியின் அடியில் நீர் தேங்கலாகாது.

வேலிக்குத் தவசிக்கீரை நன்று. குச்சி ஊன்றினால் வளரும். சில இடங்களில் இதைப் பல்சத்துக் கீரை என்பர். ஆனால் ஓர் எச்சரிக்கை. 1990களின் நடுவில் தைவானில் உடல் மெலிய வேண்டி இக்கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து மிகுதியாக அருந்திய பலர் கடும் நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். எனவே சமைத்து, அளவோடு, மற்றக் கீரைகளுடன் கலந்து உண்பதே முறை. 'சத்து மிகுந்தது' என்ற ஒரே காரணத்தால் ஒரே செடியை நம்புவது எவ்வளவு தவறு என்பதற்கும் இது சான்று.

கழிவுநீர் வடியும் இடத்திற்குச் சேம்பு உகந்தது. கோவைக்கொடியும் கொடிப்பசலையும் வேலியில் ஏறிவிட்டால், ஈரம் உள்ளவரை காயும் கீரையும் தந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் வரிசை: கொடியும் சேமிப்பும்

இரண்டாம் வரிசை, மழைக்காலத்தில் வளர்ந்து கூரையிலும் பந்தலிலும் படர்பவை. பூசணி, சுரை, பீர்க்கு, புடல், பாகல், அவரை ஆகியன இவ்வகை. தரையில் இவை பிடிக்கும் இடம் கையகலமே; சிறு கொல்லைக்கு இதைவிடச் சிக்கனம் வேறில்லை.

இவற்றுள்ளும் நம் முதற் கேள்வியை மறக்கலாகாது. பூசணிக்கொடி பங்குனியில் இராது, பூசணிக்காய் இருக்கும். நன்கு முற்றவிட்டு, காம்போடு பறித்து, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் பரங்கிக்காயும் சாம்பற்பூசணியும் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். உறியில் கட்டித் தொங்கவிட்ட பாட்டிமார் நடத்தியது மின்சாரம் வேண்டாத கிடங்கு. ஐப்பசியில் எல்லாப் பூசணியையும் பிஞ்சாகவே பறித்துவிடாமல் நான்கைந்தை முற்றவிடுவது, கோடைக்காகச் சேமிப்பில் பணம் போடுவதற்கு ஒப்பாகும். கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல், உலர்ந்த அவரை விதை ஆகியனவும் அத்தகைய சேமிப்பே.

அவரையில் ஒரு செய்தி. நாட்டு அவரை பகற்பொழுது குறுகும்போதே பூக்கும். ஆகவே எப்போது விதைத்தாலும் மார்கழி, தையில்தான் மிகுந்து காய்க்கும். பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஹெப்பால் அவரை 3, ஹெப்பால் அவரை 4 ஆகிய வகைகள் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூப்பவை. நாட்டு அவரை சிலவும் இவ்வகை சிலவும் கலந்து வைத்தால் காய் கிடைக்கும் மாதங்கள் கூடும்.

மூன்றாம் வரிசை: பாத்திப் பயிர்கள்

மூன்றாவது வரிசையாகிய பாத்திப் பயிர்களே அதிக நீரும் உழைப்பும் கேட்பவை. ஆகவே இவற்றைக் கடைசியில் வைத்தேன். மழைக்காலத்தில் கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை என விருப்பம்போல் வைக்கலாம். அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான தண்மையான மாதங்களில் முள்ளங்கி, பீட்ரூட், காரட் முதலியனவும் வரும். இவற்றை நான் வெறுக்கவில்லை. பிப்ரவரியில் விதைப்பதைத்தான் வெறுக்கிறேன்!

கோடைப் பாத்திக்கு மூன்று செடிகள் போதும். ஒன்று, கீரை. சிறுகீரையும் முளைக்கீரையும் நான்கு வாரங்களுக்குள் உணவாகும். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சுகுணா பலமுறை அறுவடைக்கு ஏற்ற தண்டுக்கீரை வகை. இரண்டு, கொத்தவரை, வெயிலையும் வறட்சியையும் தாங்குவது. மூன்று, காய்த்து ஓய்ந்த கத்தரியைக் கவாத்து செய்து மறுமுறை துளிர்க்க விடுவது. வெண்டைக்குக் கோடையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் பெருந்தொல்லை. அந்நோயைத் தாங்குவதற்கென அதே நிறுவனம் உருவாக்கிய அர்க்கா அனாமிகா முதலில் நன்கு பயன்பட்டது. காலப்போக்கில் பல இடங்களில் அதன் தாங்குதிறன் குறைந்துவிட்டது. எந்த வகையும் என்றென்றைக்கும் உரியதன்று.

பாத்திகளை ஒரே நாளில் விதைக்காமல் பத்து நாளுக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் கீரை தொடர்ந்து கிடைக்கும். காய்ந்த இலை, சருகுகளால் மண்ணை மூடிவைத்தால் நீர்ச் செலவு குறையும்.

காட்டின் ஓரத்தில் ஒரு சிறப்புக் கேள்வி

இவ்வூருக்கு மட்டும் உரிய ஒரு கேள்வியை இனிக் கூறுகிறேன். உங்களைச் சுற்றியுள்ள மலைகள் காவிரி, மலை மாதேஸ்வரா ஆகிய வனவிலங்குச் சரணாலயங்களைச் சேர்ந்தவை. சமவெளிக்கென எழுதப்பட்ட எந்த வீட்டுத் தோட்டக் கையேட்டிலும் வாழையும் பலாவும் இடம்பெறும். ஆனால் காட்டோரத்துக் குடிசையின் அருகே பழுக்கும் பலாவும் குலை தள்ளிய வாழையும் யானைக்கு விடுக்கும் அழைப்பிதழாகும். வள்ளிக்கிழங்கும் மரவள்ளியும் காட்டுப்பன்றியை வரவழைக்கும். ஒரு குலை வாழையைக் காக்கப் போய் உயிரை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

ஆகவே காட்டை ஒட்டிய வீடுகளில் எலுமிச்சை, கறிவேப்பிலை, மிளகாய், மஞ்சள், இஞ்சி போன்று யானை அவ்வளவாக நாடாதவற்றைக் கொண்டே தோட்டத்தின் வெளிவரிசையை அமைக்க வேண்டும். கீரைப் பாத்தி வீட்டை ஒட்டியே இருக்கட்டும். வாழை வேண்டுமென்றால் ஊரின் நடுவிலுள்ள வீடுகளில் வைக்கட்டும். ஒரே ஊராட்சியில் இரண்டு பட்டியல்கள் தேவைப்படுகின்றன என்பதை அலுவலர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வயலிலேயே இருந்த தோட்டம்

இம்மலைகளில் வாழும் சோலிகர்கள் முதல் மழைக்குப் பின் முளைக்கும் கீரைகளையும் காட்டுக் கிழங்குகளையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். கேழ்வரகு வயலில் இடையிடையே அவரையும் துவரையும் விதைக்கும் 'அக்கடி சாலு' முறை இப்பகுதியின் சொத்து. வயல் வரப்பில் தானே முளைக்கும் பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் சேர்ந்து கேழ்வரகுக் களிக்கு 'உப்ஸாரு' ஆயின. அந்த வயலே ஒரு வீட்டுத் தோட்டம். எவரும் அதற்கு அப்பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

மக்காச்சோளம் தனிப்பயிராகப் பரவி, களைக்கொல்லியும் வந்த இடங்களில் இக்கீரைகள் களையென்று அழிந்தன. மக்காச்சோளம் பணம் தருகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வருமானக் கணக்கில் வரவு ஏறியபோது உணவுக் கணக்கில் ஒரு செலவு ஏறியதை எவரும் எழுதிவைக்கவில்லை. மாணவர்களே, உங்கள் ஊரில் மூத்தோர் எத்தனை கீரைகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள், எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்று ஓர் ஏட்டில் எழுதுங்கள். நான் தயாரித்த பட்டியலைவிட அது உறுதியாக மேலானதாக இருக்கும்.

உண்பதற்கே தோட்டம்

விளைந்தது வயிற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உயிர்ச்சத்து 'சி' உதவுகிறது. கீரையோடு ஒரு துண்டு எலுமிச்சை பிழிந்துகொள்வதும் கொய்யாப்பழம் உண்பதும் அதனாற்றான். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்துவது அவ்விரும்பைத் தடுக்கும். கீரையிலுள்ள கரோட்டினை உடல் ஏற்கச் சிறிது எண்ணெய் வேண்டும். நெடுநேரம் கொதிக்கவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் அதனோடு போகும்.

மற்றொன்று, உழைப்பைப் பற்றியது. எங்கள் அறிக்கைகளில் வீட்டுத் தோட்டம் 'செலவில்லாத் திட்டம்' என்று எழுதப்படுவதுண்டு. குடம் சுமப்பவர் யார்? பெரும்பாலும் பெண்கள். தோட்டத்திற்காக அவர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக நீர் சுமந்தால் அது செலவில்லாதது ஆகாது. கணக்கில் எழுதப்படாத செலவு. வேரூன்றியபின் தானே நிற்கும் செடிகளை முதல் வரிசையில் வைத்ததற்கு இதுவும் காரணம்.

அலுவலர்களுக்குச் சில சொற்கள்

ஊட்டச்சத்துத் தோட்டம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1960களில் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உணவு வேளாண்மை நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் நடைபெற்ற பயன்முறை ஊட்டச்சத்துத் திட்டத்தில் பள்ளித் தோட்டமும் வீட்டுத் தோட்டமும் இடம்பெற்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, உங்கள் அண்டை வட்டாரமான தி. நரசீபுரம் அவற்றுள் ஒன்று. 2018இல் ஊட்டச்சத்து இயக்கம் தொடங்கியது. 2019இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென மத்திய அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. திட்டங்களுக்குக் குறைவில்லை, பருவத்தோடு பொருந்துவதில்தான் குறை.

ஆகவே என் வேண்டுகோள் நான்கு. முதலாவது, நடவுப் பொருள் மே மாத இறுதிக்குள் ஊரை அடையுமாறு கொள்முதலை முந்திய ஆண்டிலேயே முடியுங்கள். இரண்டாவது, பொட்டலத்தில் விதை மட்டும் போதாது. முருங்கை, அகத்தி, கறிவேப்பிலைக் கன்றுகளை ஊர் நாற்றங்காலிலேயே மகளிர் குழுக்கள் வளர்த்துத் தரட்டும். மூன்றாவது, வீட்டிலேயே விதை எடுத்து மறு ஆண்டு விதைக்கக்கூடிய வகைகளையே வழங்குங்கள். ஒட்டுவிதை கொடுத்தால் ஆண்டுதோறும் நம்மை எதிர்பார்த்து நிற்க நேரும். நான்காவது, மதிப்பீட்டை மார்ச் 31இல் செய்யாதீர்கள். ஏப்ரல் மாதத்தில் வீடுகளுக்குச் சென்று, இன்று கொல்லையிலிருந்து என்ன பறித்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை பொட்டலம் வழங்கினோம் என்பது நம் கணக்கு. அன்று உலையில் என்ன வெந்தது என்பதே மக்களின் கணக்கு.

மாணவ மாணவியரே, நீங்கள் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்றுண்டு. ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்தின் பெயரை எழுதி, அந்த மாதத்தில் உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து என்ன கிடைக்கிறது என்று குறியுங்கள். வெறுமையாக நிற்கும் கட்டங்களைப் பாருங்கள். அந்தக் கட்டத்தை நிரப்பக்கூடிய செடி எதுவோ, அதுதான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய செடி.

அந்த மூதாட்டியின் துவைக்கும் கல்லருகே நின்ற முருங்கைப் போத்தை நான் இன்றும் நினைக்கிறேன். அதை நடுமாறு எந்தத் துறையும் அவரிடம் சொல்லவில்லை. நீர் எங்கே விழுகிறதோ அங்கே, எது தாங்குமோ அதை அவர் நட்டார். அவர் அறிந்திருந்ததை நம் திட்டங்களும் அறிந்துகொண்டால் இந்த மிதமான மண் பன்னிரண்டு மாதங்களும் நமக்கு உணவளிக்கும்.